பெரிய வண்டியில் பழகியவள்

நான் வண்டி ஓட்டப் பழகியது சாவு வண்டியில். இதைச் சொன்னால் எதிரில் இருப்பவர்கள் ஒரு நிமிஷம் முழிப்பார்கள். அப்புறம் சிரிக்கலாமா கூடாதா என்று என் முகத்தைப் பார்ப்பார்கள். தாராளமாகச் சிரியுங்கள். எங்கள் வீட்டில் நாங்களே சிரித்துத்தான் காலம் தள்ளினோம்.

மாடியில் வீடு, கீழே ஷெட். ஷெட்டில் அந்த நீளமான கறுப்பு வண்டி. அப்பா இருந்தவரை அப்பா ஓட்டினார். அவர் போன பிறகு அண்ணன் ஓட்டினான். அப்பாவைக் கொண்டுபோனதும் அதே வண்டியில்தான், ஓட்டியவன் அண்ணன்தான். அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. வீட்டில் யாரும் அதைச் சாவு வண்டி என்று சொல்ல மாட்டோம். 'பெரிய வண்டி' என்போம். சின்ன வண்டி என்று எங்களிடம் ஒன்று இருந்ததே இல்லை.

அம்மாவுக்கு வேலை போன். ஷெட்டுக்குப் போகும் படிக்கட்டின் மேலே, சுவரில் ஒரு சின்னப் பலகை அடித்து அதன்மேல் போனை வைத்திருந்தோம். மணி அடித்தால் அம்மா புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு எடுப்பாள். "சொல்லுங்கம்மா... ஐயோ பாவம்... நீங்க ஒண்ணும் அவசரப்படாதீங்க, பசங்க வந்துருவாங்க" என்று அவ்வளவு இதமாகப் பேசுவாள். போனை வைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினால் அந்தக் குரல் எங்கே போகுமோ தெரியாது. "இன்னும் என்னடா ஷூ தேடுற? அங்க ஒரு குடும்பமே காத்துட்டிருக்கு!" பரிவை எல்லாம் போனுக்கே கொடுத்துவிட்டு எங்களுக்கு அதட்டலை மட்டும் வைத்திருந்தாள்.

எனக்குப் பதினெட்டு முடிந்த மாதம் அண்ணனுக்குக் கடிதம் வந்தது. கப்பலில், எஞ்சின் அறையில் வேலை. இரண்டு வருஷமாக எழுதிப் போட்டுக்கொண்டே இருந்தவனுக்கு ஒருவழியாகக் கிடைத்துவிட்டது. இருபத்திரண்டாம் தேதி காலை துறைமுகத்தில் இருக்க வேண்டும். வராவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொள்வோம் என்று கடைசி வரியில் தெளிவாகவே போட்டிருந்தார்கள்.

அம்மா மூன்று நாள் போனில் தவிர யாரோடும் பேசவில்லை. நாலாம் நாள் சாப்பாட்டுத் தட்டை அவன் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்.

"நீ போடா. நான் வேணாங்கல. ஆனா பெரிய வண்டிய யாரு ஓட்டுவா? இவ லைசென்ஸ் வாங்கட்டும். வாங்குன அன்னிக்கே நீ கெளம்பு."

ஆள் வைத்துப் பார்க்காமல் இல்லை. முதலில் வந்தவர் துக்க வீட்டு வாசலில் நின்றுகொண்டு சீட்டி அடித்தார். இரண்டாவதாக வந்தவர், "பெட்டிக்குள்ள நெஜமாவே ஆள் இருப்பாங்களா?" என்று கேட்டார். இருப்பார்கள் என்றதும் மதியச் சாப்பாட்டுக்குப் போனவர் போனவர்தான். அவருடைய டிபன் பாக்ஸ் ரொம்ப நாள் எங்கள் ஷெட்டில் கிடந்தது.

ஆக, அண்ணனுடைய கப்பல் என் கையில் வந்து நின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் எனக்கு முந்திரிக்கொட்டை என்று பெயர். யார் என்ன பேசினாலும் நடுவில் நான் இருப்பேன். இப்போது என்னை நடுவில் வைத்தே எல்லாம் நடக்கப்போகிறது என்றால் கேட்க வேண்டுமா!

சவாரி முடிந்து காலியாகத் திரும்பி வரும்போது அண்ணன் வண்டியை ஓரமாக நிறுத்தி, "வா முந்திரிக்கொட்டை, இந்தப் பக்கம் உக்காரு" என்பான். சட்டங்கள் நிறைய. ஹாரன் பக்கமே கை போகக் கூடாது. இரண்டாவது கியருக்கு மேல் வேண்டாம். யாரையும் முந்தக் கூடாது. பிரேக் போட்டால் பின்னால் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தாலும் அது அலுங்கக் கூடாது. நான் நன்றாகவே பிடித்துக்கொண்டேன். பட்டுத்துணி மடிக்கிற மாதிரி ஓட்டுவேன்.

நாற்சந்தி வந்தால் நாலு பக்கமும் வண்டிகள் தாமாக நின்றுவிடும். சைக்கிளில் போகிறவர் இறங்கி நிற்பார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிடும். உள்ளே காலி என்று வெளியே இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்? நான் நேராகப் போய்க்கொண்டே இருப்பேன். சாலை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். வேறு எந்த வண்டியையும் நான் தொட்டது கூட இல்லையே.

அந்தத் திரும்பும் பயணங்களில் இன்னொன்றும் நடக்கும். அண்ணன் ஜன்னல் கண்ணாடிகளை ஏற்றிவிட்டுப் பாடுவான். கேட்கச் சகிக்காத குரல், ஆனால் ஊரே அதிரப் பாடுவான். பக்கத்தில் ஏதாவது வண்டி வந்து யாராவது எட்டிப்பார்த்தால் சட்டென்று வாயை மூடி, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வான். அவர்களும் பாவம், துக்கமாகத் தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். அவர்கள் போனதும் விட்ட இடத்திலிருந்து எடுப்பான். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பேன். ரோஜாவும் மெழுகு பாலிஷும் கலந்த ஒரு வாசனை அந்த வண்டிக்குள் எப்போதும் இருக்கும். மற்றவர்களுக்கு அது சாவு வாசனை. எனக்கு அது அண்ணன் வாசனை.

ஏழாம் தேதி முதல் தேர்வு. லைசென்ஸ் அலுவலக வாசலில் பெரிய வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினோம். இன்ஸ்பெக்டர் வெளியே வந்தார், பார்த்தார், இரண்டு எட்டு பின்னால் போனார். அவருக்குச் சிடுமூஞ்சி என்று ஊரே பெயர் வைத்திருந்தது.

"இதுல நான் ஏற மாட்டேன். எனக்குச் சின்னக் குழந்தைங்க இருக்கு."

"சார், உக்காந்துதானே வரப்போறீங்க" என்றான் அண்ணன்.

சிடுமூஞ்சி சிரிக்கவில்லை. வேறு வண்டி கொண்டு வரச் சொன்னார். எங்களுக்கு மாலையும் மலர்வளையமும் கட்டிக்கொடுக்கிற பூக்கடை அக்கா இரண்டு தெரு தள்ளி இருந்தாள். அண்ணன் ஓடிப்போய் அவளுடைய குட்டி வேனை வாங்கி வந்தான். அதில் ஏறி நான் கிளம்பினேன். எவ்வளவு நிதானம் தெரியுமா! சைக்கிள்கள் முந்தின. தள்ளுவண்டிக்காரர் ஒருவர் முந்தினார். இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் பெருமையாக முதுகை நிமிர்த்திக்கொண்டேன்.

நாற்சந்தி வந்தது. நான் பாட்டுக்குப் போனேன்.

அப்பப்பா, என்ன சத்தம்! நாலு பக்கமும் ஹாரன். ஒரு லாரி என் கதவுக்கு ஒரு முழம் தள்ளிக் கிறீச்சிட்டு நின்றது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, "வீட்டுல சொல்லிட்டு வந்தியா?" என்று கத்தினான். எனக்கு வந்தது பாருங்கள் கோபம். என்ன மரியாதை தெரியாத ஜனங்கள் என்று அவனை முறைத்தேன். பக்கத்தில் சிடுமூஞ்சி டாஷ்போர்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார்.

"யாரும்மா உனக்கு ஓட்டக் கத்துக் குடுத்தது?"

"எங்க அண்ணன் சார்."

"அந்தப் பெரிய வண்டியிலயா?"

"ஆமா சார்."

அவர் டாஷ்போர்டிலிருந்து கையை எடுத்தார். பிறகு, "அதுல ஊரே உனக்கு வழி விடும். இதுல நீதாம்மா வழி விடணும்" என்றார். தாளில் சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு போட்டார். தவறினால் பதினாலு நாள் கழித்துத்தான் மறுபடி வரலாம் என்பது சட்டம். அம்மா காலண்டரில் விரலை வைத்து எண்ணினாள். இருபத்தொன்று. இருபத்தொன்றாம் தேதி காலையில் தேர்வு, அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு அண்ணனுடைய ரயில். அதிலும் கோட்டைவிட்டால் கப்பலை மறந்துவிட வேண்டியதுதான்.

நான் அழுது தீர்த்தேன். அண்ணனோ, "அட விடு, இன்னொரு தரம் பாத்துக்கலாம்" என்று விசில் அடிக்காத குறையாகச் சொன்னான். மறுநாள் பழகலாம் வா என்றால், டயரில் காற்று இல்லை என்றான். அதற்கு மறுநாள் தலைவலி. அப்புறம் ஷெட் கதவுக்குப் பெயின்ட் அடிக்க உட்கார்ந்தான். பத்து வருஷமாகச் சொட்டிக்கொண்டிருந்த குழாயைச் சரிசெய்தான். துணிமணி வைக்க ஒரு பெட்டிகூட இன்னும் வாங்கவில்லை.

"டேய் அண்ணா, கப்பல் உனக்கா எனக்கா?" என்று ஒருநாள் படிக்கட்டில் நின்று கத்தினேன்.

"கத்தாத. போன் வந்தா கேக்காது" என்றான்.

ஐந்து நாள் வீணாய்ப் போனது. ஆறாம் நாள் நான் நேரே பூக்கடை அக்காவிடம் போய் நின்றேன். அக்கா விடியற்காலையில் பூச்சந்தைக்குப் போவாள். "சரி ஏறு. ஆனா என்னோட வேன் அழுமூஞ்சிகளுக்குப் பழக்கமில்ல" என்றாள். அக்கா ஓட்டினால் வேன் தரையில் போகிறதா பறக்கிறதா என்றே தெரியாது. ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை ஜன்னலுக்கு வெளியே, வாயில் வசவு. என்னை ஓட்ட வைத்த முதல் நாள், முன்னால் ஒரு பால் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது.

"ஹாரன் அடிடி."

"அடிக்கலாமாக்கா?"

"அடிக்காம என்ன பண்ணப்போற? எறங்கிப்போயி காதுல சொல்லப்போறியா?"

அடித்தேன். எனக்கே தூக்கிவாரிப் போட்டது. ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்ட மாதிரி வாயைப் பொத்திக்கொண்டேன். அக்கா சிரித்த சிரிப்பில் பின்னால் பூக்கூடை சரிந்தது. "ரோட்டுல உனக்கு மாமனும் கிடையாது, மச்சானும் கிடையாது. எவனும் நிக்க மாட்டான். நீ நில்லு, பாரு, போ" என்றாள். ஒன்பது நாளும் காலையில் அதே பாட்டு. நில்லு, பாரு, போ. தூக்கத்தில்கூட நான் காலை உதைத்துக்கொண்டிருந்ததாக அம்மா சொன்னாள்.

இருபத்தொன்றாம் தேதி அண்ணனுக்குக் காலையில் ஒரு சவாரி இருந்தது. அக்காதான் என்னைக் கூட்டிப்போனாள். சிடுமூஞ்சி என்னைப் பார்த்ததும் பேனாவைச் சட்டைப் பையில் பத்திரமாகச் செருகிக்கொண்டார். ஏறினார். கிளம்பினேன். மூன்றாவது கியர் போட்டேன். ஒரு பேருந்தை முந்தினேன். பின்னால் எடுத்து இரண்டு வண்டிக்கு நடுவே நிறுத்திக் காட்டினேன். கடைசியாக அந்த நாற்சந்தி.

அங்கேதான் எனக்குப் புத்தி தடுமாறியது. இதைத் தாண்டிவிட்டால் தேர்ந்துவிடுவேன். தேர்ந்துவிட்டால் சாயங்காலம் அவன் இருக்க மாட்டான். நிற்காமல் போய்விட்டால் போதும். போன தடவை தெரியாமல் செய்ததை இந்தத் தடவை தெரிந்தே செய்ய வேண்டும், அவ்வளவுதான். யாருக்கும் சந்தேகம் வராது. அண்ணன் வீட்டிலேயே இருப்பான். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பாடுவான். இப்படி நினைத்தேன். மறைப்பானேன், நன்றாகவே நினைத்தேன். கால் ஆக்சிலேட்டரின் மேலேதான் இருந்தது.

ஆனால் அப்பாவைக் கொண்டுபோன அன்று, எல்லாம் முடிந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் அவன் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்ததும் ஞாபகம் வந்தது. மறுநாள் காலையில் வேறொரு வீட்டில் காத்திருந்தார்கள். போக மாட்டேன் என்று அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றிலிருந்து நாலு வருஷம், சொல்லவே இல்லை.

பிரேக்கை மிதித்தேன். நின்றேன், பார்த்தேன், போனேன்.

சிடுமூஞ்சி தாளில் முத்திரை குத்தி, என் புகைப்படத்தின் மேல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். "நல்லா ஓட்டுறம்மா" என்றார். அவர் முகத்தில் பல் தெரிந்ததைப் பார்த்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நீட்டினேன். அம்மா அதை மூன்று தரம் படித்தாள். கொடியிலிருந்து அண்ணனுடைய சட்டைகளை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்தாள். நான் இரண்டிரண்டு படியாகத் தாவிக் கீழே ஓடினேன். அண்ணன் சவாரி முடிந்து வந்து வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"பாஸ்!"

அவன் துணியைக் கீழே போட்டான். "நெஜமாவா?"

"இந்தா பாரு. முத்திரை இன்னும் காயல."

அவன் வாங்கிப் பார்க்கவில்லை. வண்டியின் பின்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"நீ ஃபெயிலாயிடுவன்னு நெனச்சேன்."

"ஏன், என் மேல அவ்வளவு நம்பிக்கையா?"

"இல்லடி. ஆகணும்னு நெனச்சேன்."

எனக்குப் புரியவில்லை. அவன் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "எனக்கு பயமா இருக்கு. ஒருநாள்கூட நான் வெளிய தங்குனதில்ல. கடல நேர்ல பாத்ததுகூட இல்ல. கேட்டுட்டே இருந்தேன், கெடைக்காதுங்கிற தைரியத்துல. கெடச்சதும் அந்தத் தைரியம் போயிருச்சு. நீ பாஸாகலன்னா, தங்கச்சியாலதான் போக முடியலன்னு எல்லார்ட்டயும் சொல்லிக்கலாம்னு பாத்தேன்."

எனக்கு வந்ததே கோபம்! பெயின்டும் குழாயும் தலைவலியும் ஒவ்வொன்றாகக் கண் முன்னால் வந்து போயின. "பாவி! என் தலையில பழியப் போட்டுட்டு நீ ஆயுசு பூரா பெருமூச்சு விடலாம்னு பாத்தியா? நான் விடிகாலையில எந்திரிச்சு அந்த அக்காகிட்ட ஒன்பது நாள் வசவு வாங்கியிருக்கேன், தெரியுமா? எந்திரிடா!" என்று கத்தினேன். கத்திக்கொண்டே நானும் அழுதேன். அந்த நாற்சந்தியில் என் கால் எங்கே இருந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

மாடிப்படியில் அம்மா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. கையில் அவளுடைய துணிப்பை. அதில் அண்ணனுடைய சட்டைகள் மடிப்புக் கலையாமல் இருந்தன.

"அஞ்சு மணி வண்டிடா" என்றாள். போனில் பேசுகிற குரல். எங்களிடம் அந்தக் குரலில் அவள் பேசி நான் கேட்டது அன்றுதான். "ஒண்ணும் அவசரப்படாத. தங்கச்சி கொண்டு போய் விட்டுருவா."

அம்மா ரயில் நிலையத்துக்கு வரவில்லை. போன் பக்கத்தில் யாராவது இருக்க வேண்டுமே. படிக்கட்டில் வைத்து அண்ணனுடைய தலையை இரண்டு கையாலும் பிடித்து உச்சி முகர்ந்தாள். பிறகு போய்ப் போன் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

பூக்கடை அக்கா வேனைக் கொடுத்தாள். வழியெல்லாம் நான் நின்று, பார்த்து, போய்க்கொண்டிருந்தேன். ஒரே ஒரு இடத்தில், "நல்லாத்தான் ஓட்டுற" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ரயில் வந்து நின்றது. அவன் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பெட்டியின் முன்னால் நின்றான், ஏறவில்லை.

"திரும்பிப் போயிரலாமாடி?"

போயிரலாம் என்று சொல்ல எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது!

"ஏறு" என்றேன்.

முதுகில் கை வைத்து நான்தான் தள்ளினேன். ஏறிவிட்டான். ஜன்னலில் முகம் தெரிந்தது. என்னமோ சொன்னான், சத்தத்தில் கேட்கவில்லை. ரயில் போய்விட்டது.

வெளியே வந்து வேனில் உட்கார்ந்தேன். சாவியைப் போட்டேன், திருக முடியவில்லை. ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு, வாய்விட்டு, வெட்கமில்லாமல் அழுதேன். எவ்வளவு நேரமோ, கண்ணாடியில் டக் டக்கென்று யாரோ தட்டினார்கள். போக்குவரத்துக் காவலர்.

"இங்க நிறுத்தக் கூடாதும்மா. லைசென்ஸ் எங்க, எடு."

எடுத்துக் கொடுத்தேன். அவர் படத்தைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். அவருடைய முகம் இளகிவிட்டது.

"அட, இன்னிக்குத்தான் வாங்குனியா? அந்த சந்தோஷத்துலயா இப்படி அழுற?"

"ஆமாங்க" என்றேன்.